எரியும் ஏரியும்

கல்லூரி ஆசிரியர்களுக்கான இணையவழிப் பயிற்சி ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறையினர் மூவரும் ஒருசேரக் கலந்துகொண்டோம். ‘கலந்துகொண்டோம்’ என்பது சான்றிதழின் மொழி. உண்மையில் எங்களுள் ஒருவர் மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டுச் சமையலறையில் இருந்தார். இன்னொருவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். மற்றவர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போய்வந்தார். ஒவ்வொரு நாளும் மாலையில் பத்து வினாக்கள் வரும். விடைகள் அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வந்துவிடும். இரண்டு வாரம் முடிந்தபோது மூவருக்கும் சான்றிதழ் கிடைத்தது. மூவரும் முதல் வகுப்பு.

அப்பயிற்சியில் ஒருநாள் பொழிவின் தலைப்பு, மாணவரின் கவனத்தை இணையவழி வகுப்பில் தக்கவைப்பது எப்படி என்பது. அதையும் நாங்கள் கேட்கவில்லை.

மறுநாள் எங்கள் வகுப்பைத் திறந்தபோது திரை முழுவதும் கறுப்புக் கட்டங்கள். பெயர்கள் மட்டும் இருந்தன, முகங்கள் இல்லை. “தம்பி, இருக்கீங்களா?” என்று கேட்டால் அரை நிமிடம் கழித்து, “இருக்கேன் ஐயா” என்று ஒரு குரல். மாணவர்களைக் கடிந்துகொள்ள நாங்கள் வாய் திறந்தோம். முந்திய நாள் காய்கறிக் கடையில் நின்ற கால்கள் நினைவுக்கு வந்தன. மூடிக்கொண்டோம்.

இது அந்த நாளிலிருந்து தொடங்கிய சில முயற்சிகளின் கதை. வெற்றிக் கதை என்று சொல்லமாட்டோம். ஒரு மாணவரை ஏறத்தாழ இழந்துவிட்டுக் கற்றுக்கொண்ட கதை.

*

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கல்லூரிகள் மூடப்பட்டன. ஆகஸ்டில் இணையவழியில் வகுப்பைத் தொடங்கியபோது எல்லோரையும் போல நாங்களும் பேசிப் பார்த்தோம். ஐம்பது நிமிடம் பேசினோம், யாரும் கேட்கவில்லை. பிறகு விளையாட்டாகக் கற்பிக்கலாம் என்று முடிவு செய்து, வினாடி வினாச் செயலி ஒன்றைப் பிடித்தோம். திரையில் வினா தோன்றும். நான்கு விடைகள் நான்கு வண்ணங்களில் வரும். விரைவாகத் தொட்டவருக்குக் கூடுதல் புள்ளி. பின்னணியில் பரபரப்பான இசை. ஒவ்வொரு வினா முடிந்ததும் யார் முதலிடம், யார் கடைசி என்று ஒரு பட்டியல்.

முதல் வாரம் எங்களுக்கே வியப்பாக இருந்தது. இதுவரை வாய் திறவாத பிள்ளைகள் எல்லாம் ஆர்ப்பரித்தார்கள். ‘சீவக சிந்தாமணியை உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த ஆண்டு எது?’ என்று கேட்டால் நான்கே விநாடியில், ‘1887’. வகுப்பு உயிர்பெற்றுவிட்டது என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். முதல்வரிடமும் சொன்னோம். அவர் பிற துறையினரிடம் சொன்னார்.

மூன்றாம் வாரத்தில் பட்டியலின் அடியில் எப்போதும் இருந்த ஒரு பெயர் காணாமல் போயிற்று. நேர்வகுப்பு நடந்த நாள்களில் முதல் வரிசையில் அமர்ந்து, யாப்பருங்கலக்காரிகையின் உரையில் ஐயம் கேட்ட மாணவர் அவர். இரண்டு வாரம் பொறுத்திருந்துவிட்டு அழைத்தோம். அவருடைய அண்ணன் எடுத்தார். தம்பி அரிசி ஆலைக்கு மூட்டை தைக்கப் போகிறான் என்றார். மாலையில் மறுபடி அழைத்தோம்.

“வகுப்புக்கு ஏன் வரலை, தம்பி?”

“எங்க ஊர்ல கேள்வி வந்து சேர்றதுக்குள்ளயே நேரம் முடிஞ்சிடுதுங்க ஐயா. விடை தெரியும். தொடறதுக்குள்ள கடைசின்னு போட்டுடுது. தினமும் எல்லாரும் பார்க்கறாங்க.” சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: “நீங்க எனக்கா மார்க் போடறீங்க, டவருக்கா?”

எங்களிடம் மறுமொழி இல்லை.

அன்று மாலை நாங்கள் மூவரும் தொலைபேசியில் நெடுநேரம் பேசினோம். நாங்கள் கொண்டுவந்தது விளையாட்டே அல்ல என்பது அப்போதுதான் மெல்ல விளங்கிற்று. பழைய வகுப்புத் தேர்வுக்கு வண்ணமும் இசையும் பூசியிருந்தோம். தேர்விலாவது மதிப்பெண் அவரவர் தாளில் இருக்கும். இங்கே நாள்தோறும் ஊரறியப் பறைசாற்றினோம். ஆர்ப்பரித்தவர்கள் முதல் பத்துப் பேர். மற்றவர்களின் மௌனம் முன்பைவிடக் கூடியிருந்தது. இசையின் இரைச்சலில் அது எங்களுக்குக் கேட்கவில்லை.

*

தமிழ் படித்தவர்களுக்கு ஒரு குழப்பம் வந்தால் தொல்காப்பியத்தைப் புரட்டுவது வழக்கம். மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று சொல்லப்படுகிறது. செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பன அவை. புலன் என்பதற்குக் கல்வியால் வரும் அறிவு என்று உரை காண்பர். அறிவும் விளையாட்டும் ஒரே பட்டியலில் அருகருகே நிற்பதை எத்தனையோ முறை பாடம் சொல்லியிருக்கிறோம். அது எங்கள் வகுப்புக்குச் சொல்லப்பட்டதாக ஒருபோதும் எடுத்துக்கொண்டதில்லை.

பிள்ளைத்தமிழில் ஆண்பாற்குரிய கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். இல்லத்துக்குச் சிற்றில், பறைக்குச் சிறுபறை, தேருக்குச் சிறுதேர். பெரியோர் உலகத்தின் ஒரு பொருளை எடுத்து, அதைக் கைக்கு அடங்கும் அளவுக்குச் சுருக்கி, முன்னே ‘சிறு’ என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் அது விளையாட்டு. ஆங்கிலத்தில் சிமுலேஷன் என்று சொல்லப்படுவதற்குப் பாவனை, உருவகப்படுத்துதல், போலச்செய்தல் என்று பல மொழிபெயர்ப்புகள் உலவுகின்றன. இந்தச் ‘சிறு’ என்ற முன்னொட்டே போதும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. மணலில் கட்டிய சிற்றில் சிதைந்தால் சிறுமியர் அழுவர். பிறகு மறுபடி கட்டுவர். பெரிய வீடு இடிந்தால் அப்படி முடியாது. சிதைந்தாலும் மறுபடி கட்டலாம் என்பதுதான் சிற்றிலின் முழுப்பொருளும்.

இது வெறும் இலக்கிய நயம் அன்று என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தை பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். விமானம் ஓட்டக் கற்பது அக்காலத்தில் பெருஞ்செலவு, உயிருக்கும் ஆபத்து. ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே மரத்தால் ஒரு குட்டி விமானத்தை லிங்க் 1929இல் செய்து முடித்தார். அது தரையைவிட்டு எழாது. ஓட்டுபவரின் கைக்கேற்பச் சாயும், திரும்பும், தலைகுனியும். முதலில் அதை வாங்கியவர்கள் கேளிக்கைப் பூங்காக்காரர்கள். விமானப் பள்ளிகள் அதைப் பொம்மை என்றே கருதின. 1934இல் அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவு அஞ்சல் கொண்டுசெல்லும் பொறுப்பை ஏற்று, மோசமான வானிலையில் பறந்த விமானிகள் பலரைச் சில வாரங்களில் பலிகொடுத்தது. அதன் பிறகே அந்தப் பொம்மைகளுள் ஆறை விலைக்கு வாங்கியது. இரண்டாம் உலகப்போரில் நேசநாட்டு விமானிகள் லட்சக்கணக்கில் அதில் அமர்ந்து, மேகத்துக்குள் கண்தெரியாமல் பறக்கக் கற்றார்கள். மூர்ச்சையானவரின் நெஞ்சை அழுத்தி மூச்சூட்டக் கற்றுத்தரும் பொம்மையையும் 1960இல் செய்தவர் நார்வே நாட்டுப் பொம்மைத் தொழிலதிபரான ஆஸ்மண்ட் லேர்டால்தான்.

சிறுதேர் ஓட்டியவர்கள் பின்னர் பெருந்தேர் ஓட்டினார்கள். அந்த மர விமானத்தில் புள்ளிப் பட்டியல் இல்லை. கையைத் தவறாக அசைத்தால் விமானம் கவிழும். ஏன் கவிழ்ந்தது என்று கை தானே கற்றுக்கொள்ளும். யாரும் இறப்பதில்லை. எங்கள் வினாடி வினாவில் தவறான விடையைத் தொட்டால் சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவே. அந்தத் தவறிலிருந்து மாணவர் போய்ச்சேர ஓர் இடமும் இல்லை.

*

எங்கள் இரண்டாம் முயற்சியும் தோற்றது. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கண்ணகியின் வழக்கை மறுபடி விசாரிப்பதாக ஓர் ஏற்பாடு. மாணவர்களே பாண்டியனும் பொற்கொல்லனும் காவலரும். நன்றாகத்தான் பேசினார்கள். ஆனால் அரைமணி நேரத்தில் அது பட்டிமன்றமாகிவிட்டது. காரணம் எளிது. முடிவு எல்லோருக்கும் தெரியும். யார் என்ன பேசினாலும் மதுரை எரியத்தான் போகிறது. நாம் செய்வதால் எதுவும் மாறாது என்று தெரிந்த இடத்தில் விளையாட முடியாது, நடிக்கத்தான் முடியும்.

மூன்றாவது முயற்சி, 2021இல் இரண்டாம் அலையின்போது செய்தது. அந்த ‘1887’இலிருந்துதான் அது பிறந்தது. நான்கு விநாடியில் சொல்லப்பட்ட அந்த விடைக்குப் பின்னால் ஏழு ஆண்டுகள் இருக்கின்றன. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் தூண்ட, உ.வே.சா. சிந்தாமணியின் சுவடியைக் கையில் எடுக்கிறார். பொருள் விளங்காத இடங்களுக்குச் சமண நண்பர்களின் வீட்டுக்கு நடக்கிறார். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றே. ரகரமும் துணைக்காலும் ஒன்றே. சொற்களுக்கிடையே வெளியும் இல்லை. ‘தரம’ என்று மூன்று எழுத்து இருந்தால் அது தரமா, தாமா என்று படிப்பவர்தான் முடிவு செய்யவேண்டும். ‘எரி’ என்று இருந்தால் அது நெருப்பாகவும் இருக்கலாம். நீர் நிறைந்த ஏரியாகவும் இருக்கலாம்.

இதையே சிறிதாக்கினோம். இணையத்தில் தேடிக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக, எங்களுள் மரபுக்கவிதை எழுதும் ஒருவர் புதிதாக ஆறு வெண்பாக்கள் இயற்றினார். அவற்றைப் புள்ளியின்றி, வெளியின்றி, ஏட்டெழுத்தின் குறைகளோடு தட்டெழுதினோம். ஒவ்வொரு வெண்பாவுக்கும் மூன்று படிகள். முதல் படியில் இராமபாணப் பூச்சி துளைத்த இடம் இரண்டாம் படியில் தெளிவாக இருக்கும். இரண்டாம் படியில் எழுதினவர் கைப்பிழை செய்த இடம் மூன்றாவதில் சரியாக இருக்கும். மாணவர்கள் மூன்று குழு. குழுவுக்கு ஒரு படி.

விதி ஒன்றுதான். குழுவினர் கேட்கும்போது ஏட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவோம்; இரண்டு நிமிடத்தில் அழித்துவிடுவோம். மறுபடி கேட்டால் மறுபடி அனுப்புவோம். ஆனால் கட்டை அவிழ்க்கும் ஒவ்வொரு முறையும் ஓரத்தில் ஓர் எழுத்து உதிர்ந்திருக்கும். சி.வை.தாமோதரம் பிள்ளை தம் பதிப்புரையில் ஏடுகளின் நிலையை எண்ணி வருந்தியதைப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறோம். மாணவர்கள் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். இப்போது அவர்கள் கையிலேயே ஏடு உதிர்ந்தது.

முதல் நாள் ஒரு மாணவி ஏட்டைத் திரைப்படம் பிடித்துவிட்டார். கூடாது என்றோம். “உ.வே.சா. கையில போன் இருந்திருந்தா எடுத்திருக்க மாட்டாராங்க ஐயா?” என்றார். அதற்கும் எங்களிடம் மறுமொழி இல்லை. படியெடுப்பதும் பதிப்பாசிரியர் வேலைதான், ஆனால் எழுத்தாணி பிடித்த கையால் எடுக்கவேண்டும் என்று சமாளித்தோம். தாளில் எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். எழுதிய வேகத்தில் அவர்களே புதிய பிழைகளைச் செய்தார்கள். பாடபேதம் எப்படிப் பிறக்கிறது என்று நாங்கள் விளக்கவேண்டிய தேவை அதன்பின் ஏற்படவில்லை.

*

இந்த விளையாட்டுக்கு ஒளிப்படம் வேண்டாம், இசை வேண்டாம், வேகமும் வேண்டாம். ஒரு வெண்பாவின் எழுத்துகள் எந்த ஊர் டவரிலும் வந்து சேரும். அதனால் அந்த அரிசி ஆலை மாணவரை மறுபடி அழைத்தோம். மாலை ஏழு மணிக்கு மேல்தான் வரமுடியும் என்றார். விளையாட்டையே ஏழரைக்கு மாற்றினோம்.

நான்காவது வெண்பாவில் ஒரு சீர், ஏட்டெழுத்தில் ‘எரிகணடு’ என்று இருந்தது. எரிகண்டு என்றும் படிக்கலாம், ஏரிகண்டு என்றும் படிக்கலாம். ஒரு குழு ஏரி என்று எழுதிவிட்டது. அடுத்த அடியில் குளிர்ச்சியைப் பற்றிய சொல் இருப்பதால் நீர்நிலைதான் பொருந்தும் என்பது அவர்கள் வாதம். வேகமாகவும் அழகாகவும் வாதிட்டார்கள்.

எங்கள் மாணவர் இருந்த குழு தன் ஏட்டை அளவுக்கு மீறி அவிழ்த்திருந்தது. அந்தச் சீருக்கு முந்தைய சீர் உதிர்ந்துவிட்டது. குழுவினர் ஊகித்து நிரப்ப முனைந்தார்கள். அவர் ஒப்பவில்லை. அவர் அனுப்பிய குரல்பதிவு இன்றும் எங்களிடம் உண்டு. பின்னணியில் ஆலை இயந்திரத்தின் ஓசை கேட்கும்.

“எரிகண்டுன்னா நிரையில தொடங்குது. ஏரிகண்டுன்னா நேர்ல தொடங்குது. முந்தின சீர் மாச்சீரா இருந்தா நிரை வரணும், எரி. விளமோ காயோ இருந்தா நேர் வரணும், ஏரி. அந்தச் சீர்தான் நம்மகிட்ட இல்லையே. இல்லாததை வச்சு நாம எப்படி முடிவு பண்றது? புள்ளி வச்சு விட்டுருவோம்.”

நேர், நிரை, மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் என்று ஆண்டுதோறும் நாங்கள் உருப்போட வைப்பது இதைத்தான். தேர்வுத்தாளில் சீர்பிரித்து வாய்பாடு எழுதுவதோடு அதன் பயன் முடிந்துவிடும். நெருப்பா நீரா என்று தீர்மானிக்கும் கருவியாக யாரும் அதைக் கையிலெடுத்து நாங்கள் பார்த்ததில்லை. சொல்லப்போனால், நாங்களும் எடுத்ததில்லை.

மூன்று குழுக்களும் தத்தம் படிகளைப் பொதுக்குழுவில் வைக்கவேண்டிய நேரம் வந்தது. மூன்றாம் குழுவின் ஏட்டில் அந்த முந்தைய சீர் சிதையாமல் இருந்தது. மாச்சீர். ஆகவே எரி. ஏரி என்று சாதித்த குழு சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அவர்களுள் ஒருவர், ‘புள்ளி வைத்தவர்கள்தான் சரி’ என்று எழுதினார். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை; சிதைந்த பாடல்கள் பலவற்றில் அடிகளுக்கு மாற்றாகப் புள்ளிகள்தாம் அச்சாகியிருக்கின்றன. அப்புள்ளிகளை அச்சுக்குறை என்று அதுவரை எண்ணியிருந்ததாகச் சில மாணவர்கள் பின்னர்ச் சொன்னார்கள். தெரியாததைத் தெரியாது என்று காட்டி நிற்கும் நேர்மை அது என்று நாங்கள் சொல்லியிருந்தால் குறிப்பேட்டில் ஏறியிருக்கும். இப்போது அது அவர்களிடையே நிகழ்ந்தது.

*

இதை ஒரு முறையாகப் பரிந்துரைக்கத் தயக்கமாக இருக்கிறது. ஒரு மாலைநேர விளையாட்டைச் செய்ய எங்கள் மூவருக்கும் மூன்று வாரம் பிடித்தது. ஒரு பருவத்தில் இரண்டுக்குமேல் இயலவில்லை. மீதி நாள்களில் பழையபடி பேசினோம். எல்லாப் பாடமும் விளையாட்டாகவேண்டும் என்பதுமில்லை. ஒருநாள் ஒரு மாணவி, “இன்னிக்கு விளையாட்டு வேண்டாங்க அம்மா. பாட்டை மட்டும் சொல்லுங்க, கேட்டுக்கிட்டு இருக்கோம்” என்றார். அன்று நற்றிணை சொன்னோம். கறுப்புக் கட்டங்கள்தான், ஆனால் அன்று அவற்றுக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள் என்று எங்களுக்குத் தெரிந்தது.

நோய்க்காலம் முடிந்துவிட்டது, இணையவழிக் கல்வி முடியவில்லை. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் தளத்தின் வழியே பயில இடமளிக்கும் விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் வெளியிட்டது. ஆசிரியர் பயிற்சிகளும் திரையில் தொடர்கின்றன. புள்ளிகளும் பதக்கங்களும் பட்டியல்களும் அங்கே வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைக் காணும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்கிறோம். இங்கே ஒருவர் தவறு செய்தால் அதன்பின் அவருக்கு என்ன நிகழ்கிறது? சிவப்பு விளக்கு எரிந்து பெயர் கீழே இறங்குகிறதா, அல்லது ஓர் எழுத்து உதிர்ந்து, அடுத்த முறை எச்சரிக்கையோடு கட்டை அவிழ்க்கக் கற்கிறாரா? முன்னதற்கு எத்தனை வண்ணம் பூசினாலும் அது தேர்வுதான்.

அந்த மாணவர் 2022இல் இளங்கலைத் தேர்வெழுதித் தேறினார். முதுகலைக்கு வரவில்லை. வரவேண்டும் என்று நாங்கள் மூவரும் கேட்டோம். வீட்டு நிலையைச் சொன்னார். இப்போது அதே ஆலையில் கணக்கெழுதுகிறார். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவார். சென்ற ஆண்டு வாழ்த்தோடு ஒரு வெண்பாவும் வந்தது. வேண்டுமென்றே புள்ளி வைக்காமல் எழுதியிருந்தார். மூன்றாம் அடியில் ஓரிடம் எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டு விதமாகவும் படிக்கலாம்.

கேட்டுவிடலாம்தான். கேட்கவில்லை. இப்போது ஏடு எங்கள் கையில் இருக்கிறது.